கார்பன் சபாக்சைடு: தயாரிப்பு, வெப்பக் கணக்கு, செந்நிறப் படலம் – கையாண்டவர்கள் பகிர்வு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
கார்பன் சபாக்சைடு (C₃O₂) வாயுவைத் தயாரிக்க, மலோனிக் அமிலத்தை நீரை உறிஞ்சும் பாஸ்பரஸ் பென்டாக்சைடோடு கலந்து, வெற்றிடத்தில் 140 டிகிரிக்குச் சூடாக்குவதுதான் எளிய வழி. 10.4 கிராம் அமிலம் 0.1 மோல். முழுதும் மாறினால் 6.8 கிராம் வாயு வரவேண்டும். அதில் கால் பங்கு கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதே சூட்டில் அமிலம் கார்பன் டைஆக்சைடை இழந்து அசிட்டிக் அமிலமாகவும் மாறுவதுதான் காரணம். காகிதக் கணக்கில் 28 கிராம் பென்டாக்சைடு போதும். ஆனால் துகளின் மேல் பசைபோன்ற பாஸ்பாரிக் அமிலம் படிந்ததும் உள்ளிருப்பது வேலை செய்யாது. மலோனிக் அமிலத்தின் எடையில் பத்து மடங்கு பென்டாக்சைடு போட்டு, வறுத்து ஆறவைத்த மணலும் சேர்த்தால் கட்டி பிடிக்காது.

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் எடை போடும் நேரத்திலேயே பென்டாக்சைடு ஈரம் குடித்துவிடும். உலர் நைட்ரஜன் நிரப்பிய பைக்குள் வைத்துத்தான் அள்ளவேண்டும்.

நகரியிலிருந்து:
கொதிநிலை 6.8 டிகிரி என்பதால் எங்கள் பக்க வெயிலில் இது வெறும் வாயு. குளிர்பொறி (வாயுவை உறையவைத்துப் பிடிக்கும் குளிரூட்டிய குழாய்) இல்லாமல் பிடிக்க முடியாது. முதலில் சுட்ட சுண்ணாம்புக் குழாய் வழியாக விட்டு அசிட்டிக் அமிலத்தை நீக்குங்கள். பிறகு திரவ நைட்ரஜனில் உறையவைத்து, எத்தனால் குழம்பின் (பாதி உறைந்த எத்தனாலின்) மைனஸ் 116 டிகிரிக்குக் கொண்டுவந்து பம்பை ஓட்டுங்கள். கார்பன் டைஆக்சைடு போய்விடும், சபாக்சைடு உறைந்தே நிற்கும். அகச்சிவப்பு நிறமாலையில் 2258 செ.மீ⁻¹-இல் சபாக்சைடின் வலுவான பட்டை இருக்கவேண்டும். 2349-இல் கார்பன் டைஆக்சைடின் பட்டை தெரிந்தால் இன்னும் பம்ப் செய்யுங்கள். அந்தக் கலப்பை அலட்சியம் செய்துவிட்டு வெப்ப அளவீட்டுக்குப் போகவே கூடாது.

களியக்காவிளையிலிருந்து:
நகரி நண்பர் சொன்னதை எண்ணில் காட்டுகிறேன். வாயுநிலையின் உருவாக்க வெப்பம் (தனிமங்களிலிருந்து உருவாகும்போதான வெப்ப மாற்றம்) மோலுக்கு மைனஸ் 93.6 கிலோஜூல், எரிவெப்பம் சுமார் 1087, அதாவது கிராமுக்கு 16. எரிப்பில் வரும் மூன்று மோல் கார்பன் டைஆக்சைடின் உருவாக்க வெப்பத்திலிருந்து எரிவெப்பத்தைக் கழித்துத்தான் இதை எடுக்கிறோம்: இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். எடையில் 1 சதவீதம் கார்பன் டைஆக்சைடு கலந்திருந்தால் எரிவெப்பத்தில் 11 கிலோஜூல் குறையும். உருவாக்க வெப்பமோ மைனஸ் 104 அளவுக்குப் போய்விடும். ஒரு சதவீதக் கலப்பு பன்னிரண்டு சதவீதப் பிழையாகிறது! ஆம்பூல் (மூடிய கண்ணாடிக் குப்பி) சுவரில் சபாக்சைடு மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்த பாலிமர் படிந்தாலும் இதே கதிதான்: வாயு என்று நினைத்து எரிப்பதில் ஒரு பங்கு திண்மம்.

உருவாக்க வெப்பம் எதிர்க்குறி என்பதால் இது நிலையானது என்று மாணவர்கள் எழுதுவதைத் திருத்தவேண்டும். கார்பன் டைஆக்சைடாகவும் கரியாகவும் பிரிந்தால் மோலுக்கு 300 கிலோஜூல் வெளிவரும். ஒப்பிடவேண்டியது தனிமங்களோடு அல்ல, அது எதுவாக மாறக்கூடுமோ அதோடு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
சுவரில் படியும் அந்தப் பாலிமர் படலம் பற்றி. மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகள் திறந்து, பைரோன் வளையங்கள் (ஓர் ஆக்சிஜன் உள்ள ஆறணு வளையங்கள்) ஒன்றோடொன்று ஒட்டிய ஏணிச் சங்கிலியாகின்றன. தொடக்கத்தில் மஞ்சள், பிறகு சிவப்பு, சூடேற்றினால் கருமை. பெரும்பாலும் கண்ணாடிச் சுவரில் ஒட்டிய ஈரத்திலும் அமிலத் தடயத்திலும்தான் தொடங்குகிறது. பாத்திரங்களை இரவு முழுக்க 150 டிகிரியில் வைத்து, வெற்றிடத்திலேயே ஆறவிடுங்கள். வாயுவாக வைப்பதானால் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருக்கட்டும். அதிக நாள் வேண்டுமென்றால் இருட்டில், மைனஸ் 78 டிகிரியில்.

பம்பின் வெளிவாயை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் முக்குங்கள், வாயு மலோனேட்டாகிவிடும் (மலோனிக் அமிலத்தின் உப்பு). கண்ணை எரிக்கும் நச்சு இது. வாடை வந்தால் வேலையை நிறுத்துங்கள். மிஞ்சிய பென்டாக்சைடில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதைச் சிறிது சிறிதாகப் பனிக்கட்டியில் போடுங்கள்.