பன்னி லேக்: கடைசி இருபது நிமிடம் ஏமாற்று வேலையா?

பழைய_ரீல்:
முடிவைப் போட்டு உடைக்கப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் இத்தோடு கிளம்பிவிடுங்கள்.

ஆட்டோ ப்ரெமிஞ்சர் 1965-இல் லண்டனில் எடுத்த 'பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்'. அமெரிக்காவிலிருந்து வந்து சில நாளே ஆன ஆன் லேக், ஹாம்ஸ்டெட்டில் ஒரு மழலையர் பள்ளியில் நாலு வயது மகளை முதல் நாள் விட்டுவிட்டுப் போகிறாள். ஆசிரியை யாரும் கண்ணில் படவில்லை. சமையல்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். மதியம் வந்தால் குழந்தை இல்லை, சமையல்காரியும் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததாகச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்தால் துணிமணி, விளையாட்டுச் சாமான், பாஸ்போர்ட் எதையும் காணோம். விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரி நியூஹவுசுக்கு (லாரன்ஸ் ஒலிவியர்) சந்தேகம் வேறு பக்கம் திரும்புகிறது: பன்னி என்று ஒரு குழந்தை இருக்கிறதா, இல்லையா?

மொத்தம் 107 நிமிடம். பெரும்பகுதி தங்கம். அப்புறம் ஆனின் சகோதரன் ஸ்டீவன்தான் எல்லாம் செய்தான், அவனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் நம்மைத் தவிக்கவிட்டதற்கு இதுதானா பதில்? எனக்கு இது சுத்த ஏமாற்று.

சுடலைமுத்து:
தலைப்பைத் தமிழில் எழுதினால் ஏதோ பண்ணையில் பன்றி காணாமல் போன கதை போல இருக்கிறது. மன்னிக்கவும், நீங்கள் தொடருங்கள்.

நள்ளிரவுக்காட்சி:
ஏமாற்று இல்லை நண்பரே. முதல் காட்சியையே சரியாகப் பார்க்கவில்லை நீங்கள். ஆள் இல்லாத தோட்டத்தில் ஊஞ்சல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீவன் நடந்து வந்து கீழே கிடக்கும் கரடி பொம்மையை எடுத்துக்கொண்டு போகிறான். கொஞ்ச நேரம் முன்புவரை அங்கே ஒரு குழந்தை இருந்திருக்கிறது, அதை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். பிறகு நாமே மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. சின்ன வயதில் ஆனுக்கு ஒரு கற்பனைத் தோழி இருந்தாள், அவள் பெயரும் பன்னி. இந்தத் தகவல் போலீசுக்கு எப்படிப் போனது? பள்ளி மாடியில் குழந்தைகளின் கெட்ட கனவுகளை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவி ஏடா ஃபோர்டிடம் அதைச் சொன்னதே ஸ்டீவன்தான். தங்கைக்காகப் பள்ளி முழுக்கக் கத்திச் சண்டை போடுகிறவனே அவள் காலடி மண்ணையும் பறிக்கிறான். இதைவிட வெளிப்படையாக ஒரு படம் எப்படிச் சொல்லும்?

பழைய_ரீல்:
துப்பு வைத்திருக்கிறார்கள், சரி. துப்பு இருப்பதும் முடிவு பொருந்துவதும் ஒன்றா? 1960-இல் ஹிட்ச்காக் 'சைக்கோ' படத்தில் ஒரு பைத்தியக்காரனை வைத்துக் கல்லாவை நிரப்பியதும் ஆளாளுக்கு ஒரு பைத்தியக்காரனைத் தேடினார்கள். ப்ரெமிஞ்சரும் தேடினார். மூல நாவல் 1957-இல் வந்தது, ஈவ்லின் பைப்பர் என்ற புனைபெயரில் ஓர் அமெரிக்கப் பெண் எழுதியது, கதை நடப்பது நியூயார்க்கில். அதில் குற்றவாளியே வேறு. லண்டனுக்கு மாற்றி, முடிவையும் மாற்றி, இவர்களே தேர்ந்தெடுத்ததுதான் இந்த ஸ்டீவன். பழி நாவல்மேல் போகாது.

எப்படிச் செய்திருக்கலாம் என்பதற்கு உதாரணமும் சொல்கிறேன். முந்தின வருடம், 1964, பிரையன் ஃபோர்ப்ஸின் 'சியான்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்'. ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் மைரா (கிம் ஸ்டான்லி), கணவன் பில்லியை விட்டு ஒரு பணக்காரரின் மகளைக் கடத்தச் சொல்கிறாள். எதற்கு? குழந்தை இருக்கும் இடத்தை ஞானதிருஷ்டியில் கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பெயர் வாங்க. யார் செய்தது என்பது ஆரம்பத்திலேயே தெரியும். மறைக்க ஒன்றும் இல்லை, இருந்தும் மூச்சு முட்டுகிறது. ரிச்சர்ட் ஆட்டன்பரோ ஒட்டுமூக்கு வைத்துக்கொண்டு, பெண்டாட்டிக்குப் பயந்து, அவள்மேல் பிரியமாகவும் இருக்கும் அந்த பில்லியை மறக்க முடியுமா? அங்கேயும் மனநோய் உண்டு. ஆனால் முதல் ரீலிலிருந்தே நம்மோடு வாழ்கிறது, கடைசியில் முயல் மாதிரித் தொப்பிக்குள்ளிருந்து குதிக்கவில்லை.

கோமதி:
இரண்டு பேரும் துப்பறியும் வேலையிலேயே இருக்கிறீர்கள். எனக்கு இந்தப் படம் 'செய்தது யார்' என்ற கதையே இல்லை. ஒரு தாய் சொன்னால் நம்புவார்களா என்ற கதை.

அவள் கல்யாணம் ஆகாதவள். அது தெரிந்ததும் பேச்சின் தொனி எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். நியூஹவுஸ் முரடர் இல்லை, மிக மரியாதையானவர், பப்புக்குக் கூட்டிப்போய் ஆறுதலாகப் பேசுகிறார். ஆனால் கேட்பது ஒன்றையேதான்: ஆதாரம் கொண்டு வா. பெற்ற பிள்ளைக்கு ஒருத்தி எங்கே போய் ஆதாரம் தேடுவாள்? அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு சீட்டு, பொம்மை ரிப்பேர் கடையில் கொடுத்தது. ராத்திரியில் அங்கே போய், கையில் விளக்கோடு உடைந்த பொம்மைகளுக்கு நடுவே தன் மகளின் பொம்மையைத் தேடுகிறாளே, நான் இதுவரை பார்த்த எந்தத் திகில் படமும் அந்தக் காட்சிக்குக் கிட்டே வராது. கண்டுபிடித்ததும் ஸ்டீவன் வந்து அதைக் கொளுத்துகிறான்.

பன்னியைக் கடைசிக் கட்டம் வரும்வரை நமக்கும் காட்டமாட்டார்கள். 'முதல் நாள் அறை'யில் விட்டுவிட்டு ஆன் வெளியே வருகிறாள், உள்ளே இருக்கும் குழந்தையை நாம் பார்ப்பதில்லை. நாமும் நியூஹவுஸ் மாதிரிதான். நானும் பாதிப் படத்தில் அவளைச் சந்தேகப்பட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

லண்டன்வாசி:
கூடவே அந்தக் காலத்தையும் பாருங்கள். படம் அமெரிக்காவில் வெளியான அதே 1965 அக்டோபரில்தான் மான்செஸ்டர் பக்கம் பிள்ளைகளைக் கடத்திக் கொன்ற பிரேடியும் ஹிண்ட்லியும் கைதானார்கள். 1963-இலிருந்து காணாமல் போன பிள்ளைகளைத் தேடிச் சாடில்வொர்த் பொட்டல்வெளியைத் தோண்டினார்கள். 1966 ஏப்ரலில் செஸ்டரில் வழக்கு. அந்த மாதங்களில் இங்கே ஒருவரும் இந்தப் படத்தை வெறும் பொழுதுபோக்காகப் பார்த்திருக்க முடியாது.

பழைய_ரீல்:
அந்த வழக்கு படம் எடுத்து முடித்த பிறகு நடந்தது. தற்செயலாக ஒத்துப்போன தேதியைப் படத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள். அப்புறம், லண்டனில் எடுத்ததால் இதைப் 'பிரிட்டிஷ் படம்' என்பார்கள், அதுவே எனக்கு உறுத்தல். இயக்குநர் ஆஸ்திரியாவிலிருந்து ஹாலிவுட் போனவர், நாயகி கரோல் லின்லி அமெரிக்கர், ஸ்டீவனாக வரும் கியர் டல்லியாவும் அமெரிக்கர்.

லண்டன்வாசி:
தேதி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசனம் எழுதியது பிரிட்டிஷ் எழுத்தாளர்களான மார்ட்டிமர் தம்பதி, ஜானும் பெனலோப்பும். சவுக்கும் முகமூடியுமாக வீட்டை நிறைத்துக்கொண்டு, நாய்க்குட்டியோடு வந்து வழியும் அந்த வீட்டுக்காரர், இங்கிலாந்தின் நாடக ஆசிரியரும் நடிகருமான நோயல் கவர்ட். பப்பில் தொலைக்காட்சியில் பாடுவது ஸோம்பீஸ் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு. இவ்வளவையும் வெளியூர்க்காரி ஒருத்தியின் கண்ணில் காட்டியதால்தான் ஊரே விசித்திரமாக, கொஞ்சம் விஷமமாகத் தெரிகிறது. அதற்கு அமெரிக்க நாயகி வேண்டியிருந்தது.

நள்ளிரவுக்காட்சி:
கோமதி சொன்னதை வைத்தே பழைய_ரீலுக்குப் பதில் சொல்கிறேன். கடைசி இருபது நிமிடத்தில் நடப்பது என்ன? குழந்தையைக் கொன்று தோட்டத்தில் புதைக்க ஸ்டீவன் தயாராக நிற்கிறான். ஆன் ஓடவில்லை, கத்தவில்லை. சின்ன வயதில் இருவரும் ஆடிய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக ஆரம்பிக்கிறாள். கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிக்கிற ஆட்டம், ஊஞ்சல். போலீஸ் வருகிறவரை அவனைக் குழந்தையாகவே வைத்திருக்கிறாள். கற்பனையில் வாழ்கிறவள் என்று ஊரே சொன்னதே, அந்தக் கற்பனைதான் மகளைக் காப்பாற்றுகிறது. இதைப் போய்த் தொப்பிக்குள் முயல் என்கிறீர்கள்.

சுடலைமுத்து:
ஆங்கிலத்தில் 'பன்னி' என்றாலே முயல்குட்டிதானே சார், படத் தலைப்பிலேயே இருக்கிறது.

பழைய_ரீல்:
:) சரி. நேற்று இரவு முதல் பத்து நிமிடம் திரும்பப் பார்த்தேன். கரடி பொம்மை இருக்கிறது. சால் பாஸ் வடிவமைத்த டைட்டிலில் கறுப்புத் தாளை ஒரு கை கிழித்துக் கிழித்துக் கடைசியில் குழந்தை உருவம் வருவதும் இப்போதுதான் உறைத்தது. ஆன் விளையாட ஆரம்பிக்கும் இடம் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது, கோமதிக்கும் உங்களுக்கும் அதை விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் நியூஹவுஸ் உண்மையைப் பிடிப்பது எப்படி? வந்த கப்பலின் பெயரை ஸ்டீவன் மாற்றிச் சொன்னான் என்பதை வைத்து. இவ்வளவு திட்டம் போட்டவன், ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் பொய்யை ஸ்காட்லாந்து யார்டிடம் ஏன் சொன்னான்? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

கோமதி:
அதைவிட எனக்கு வேறு கேள்வி. அந்தப் போனை அவர் மதியமே ஏன் போடவில்லை?