மாருதி 800 காரின் மீட்டர் விளக்கு: பச்சை போக மாட்டேன் என்கிறது

வணக்கம். என்னிடம் இருப்பது 2006 மாருதி 800, ஊர் மதுரை. வேகம் காட்டும் மீட்டரின் மங்கிய பச்சை வெளிச்சத்தை ஆரஞ்சாக மாற்ற நினைத்து மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

முதலில் பழைய இழை பல்புகளைக் கழற்றிவிட்டுச் சிவப்பு எல்இடி போட்டேன். எண்களே தெரியவில்லை. வெள்ளை எல்இடி போட்டால் மீன் தொட்டி போல நீலப்பச்சை. அதிலும் 60-ஐச் சுற்றிக் கண் கூசுகிறது, 0-வும் 120-ம் இருட்டு. எல்இடி முன்பக்கமாக மட்டும் வெளிச்சத்தைப் பாய்ச்சுவதால் அதன் முனையை உப்புத்தாளால் தேய்த்தேன். கூச்சம் சற்றுக் குறைந்தது, நிறம் மாறவில்லை. ஒரு பல்பு எரியாதபோது திருப்பிச் செருகினேன், எரிந்தது. அது துருவப் பிரச்சினைதான் (ப்ளஸ், மைனஸ் மாறியிருந்தது). பேட்டரி எச்சரிக்கை விளக்கில் மட்டும் பழைய பல்பையே விட்டுவைத்திருக்கிறேன். பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) சார்ஜ் ஏற்றத் தொடங்குவதற்கான மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது என்று மெக்கானிக் எச்சரித்தார்.

நேற்று ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றி, மீட்டரை நான்காவது முறையாக வெளியே எடுத்தேன். (வீட்டில் யாரும் இப்போது காரைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.) முள்ளைக் கழற்றி முகப்புத் தகட்டைத் திருப்பிப் பார்த்தால், எண்களுக்குப் பின்னால் பச்சைச் சாயம் பூசியிருக்கிறது. குற்றவாளி அதுதான். ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாகத் துடைத்தேன். பச்சையோடு கறுப்பும் கொஞ்சம் உரிந்து வந்ததால் நிறுத்திவிட்டேன்.

முன்பக்கக் கறுப்பும் எண்களும் கெடாமல் அந்தப் பச்சைச் சாயத்தை மட்டும் எடுக்க எதைப் பயன்படுத்தலாம்?