அம்மாவின் கால் மரத்துப்போகிறது, அக்குபிரஷர் செய்யலாமா?

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. ராத்திரியானால் பாதம் சில்லிட்டு மரத்துப்போகிறது. பலதுறை மருந்தகத்தில் காட்டி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தும் எண்ணம் இல்லை.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ‘சூசான்லி’ என்ற புள்ளியை அழுத்தச் சொன்னார். முட்டிச் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் இறங்கி, முன்கால் எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளி இருக்கிறது. கட்டைவிரலால் சரியான இடத்தில் அழுத்தினால் வலியும் கூச்சமும் கலந்து ஒரு மாதிரி கனக்கும். அம்மாவுக்கு இதமாகத்தான் இருக்கிறதாம். நிஜமாகவே ரத்த ஓட்டம் கூடுகிறதா, இல்லை கால் பிடித்துவிட்ட சுகமா என்பதுதான் புரியவில்லை.

என் பயம் வேறு. அவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டியிருந்தால் அழுத்தவே கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் அழுத்தம் அதிகமானாலும் அவருக்குத் தெரியாது. இந்த நிலையில் உள்ளவர்களுக்குச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? முதலில் டாக்டரிடம் ஸ்கேன் எடுக்கக் கேட்கட்டுமா?

அப்புறம், முறையாகப் பதிவு பெற்ற, ஆங்கிலமாவது பேசுகிற சீன மருத்துவர் தெரிந்தால் சொல்லுங்கள். எண்ணெய் விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.