மெயின் லைன், கார்டு லைன்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

விழுப்புரத்திலிருந்து கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போகும் ரயில் பாதையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். மெயின் லைன் (இந்தப் பாதைதான்), கார்டு லைன் (chord line, விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேராகப் போகும் பாதை), பிராஞ்ச் லைன் ஆகிய மூன்று சொற்களும் பக்கத்துக்குப் பத்து முறை வருகின்றன. இப்போதைக்கு முதன்மைப் பாதை, குறுக்குப் பாதை, கிளைப் பாதை என்று போட்டுவைத்திருக்கிறேன். பொருந்துகிறதா? இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

*

மறு: மெயின் லைன், கார்டு லைன்

வணக்கம்.

> மெயின் லைன் – முதன்மைப் பாதை

முதன்மை என்றதும் 'இன்றைக்கு எது பெரியது' என்ற எண்ணம்தான் வருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் மெயின் லைன் முதன்மையே இல்லை. வைகை, பாண்டியன் உட்படத் தென்மாவட்ட விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைனில்தான் ஓடுகின்றன. அது இரட்டைப் பாதை. மெயின் லைனோ விழுப்புரம் முதல் தஞ்சாவூர் வரை ஒற்றைப் பாதை. "முதன்மைப் பாதையில் வண்டிகள் குறைவு" என்று நீங்கள் எழுத நேர்ந்தால் வாசகர் குழம்பிவிடுவார்.

அந்தப் பெயர் வந்தது தகுதியால் இல்லை, வயதால். சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் என்று 1870-களில் போட்டுக்கொண்டு வந்து தஞ்சாவூரில் சேர்த்தார்கள். துறைமுகம், நெல் விளையும் டெல்டா, கூட்டம் கூடும் கோயில் ஊர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தானே இருந்தன. அதன்பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு, ஈரோட்டைச் சுற்றிக்கொண்டு போகாதவரை, சென்னைக்காரர் திருச்சிக்கோ மதுரைக்கோ போக கும்பகோணம் வழிதான். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேராக ஒரு பாதை, அதாவது கார்டு லைன், வந்தது 1920-களின் கடைசியில். எழும்பூர்–திருச்சி தூரம் சுமார் 400 கிலோமீட்டரிலிருந்து 337 ஆகக் குறைந்தது. வண்டிகள் அந்தப் பக்கம் நகர்ந்தன, பெயர் மட்டும் நகரவில்லை. விழுப்புரம் நடைமேடையில் "இது மெயினா, கார்டா?" என்று இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

வடக்கே கதை வேறு. கிழக்கிந்திய ரயில்வே கல்கத்தாவிலிருந்து டெல்லிப் பக்கம் போட்ட முதல் பாதை சாகிப்கஞ்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. 1871-ல் நேர்ப்பாதை போட்டதும் மெயின் லைன் என்ற பட்டத்தைப் புதியதற்குக் கொடுத்துவிட்டு, பழையதை 'சாகிப்கஞ்ச் லூப்' ஆக்கிவிட்டார்கள். 1906-ல் அதைவிட நேரான கயா வழிப் பாதை வந்தது, அதற்குப் பெயர் கிராண்ட் கார்டு. நம் பக்கத்தில் மூத்ததிடமிருந்து யாரும் பட்டத்தைப் பறிக்கவில்லை. அதனால் நமக்கு வேண்டியது மூப்பைச் சொல்லும் சொல். 'மூலப்பாதை' என்று வைக்கலாமே. கோயிலில் மூலவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், ஊர் சுற்றுவது உற்சவர்தான். அதனால் மூலவரின் பெயர் மாறிவிடுகிறதா என்ன?

> கார்டு லைன் – குறுக்குப் பாதை

இது இன்னும் சிக்கல். 'குறுக்கு' என்றால் ஒன்றை வெட்டிக்கொண்டு போவது. லெவல் கிராசிங்கைக் குறுக்குப்பாதை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாதை மெயின் லைனை எங்கும் வெட்டவில்லை. விழுப்புரத்தில் பிரிகிறது, திருச்சியில் சேர்கிறது, அவ்வளவுதான். வளைவின் இரு முனைகளை நேர்கோட்டால் சேர்த்தால் அதற்கு என்ன பெயர் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், 'நாண்' என்று சொல்லும். ஆங்கிலத்திலும் வடிவியலிலிருந்துதான் எடுத்தார்கள். ஆகவே நாண்பாதை. கிராண்ட் கார்டை அப்படியே பெருநாண் என்றுவிடலாம்.

ஒலிபெயர்ப்பை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் கார்டு என்றால் வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடி பிடிப்பவர். ரேஷன் கடைக்கு எடுத்துப்போவதும் கார்டுதான். 1956-ல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றில் விழுந்த அரியலூர் விபத்து நடந்தது இந்தப் பாதையில்தான், லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்காகத்தான். அந்தப் பத்தியில் "கார்டு லைனில் சென்ற வண்டியின் கார்டு" என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

> பிராஞ்ச் லைன் – கிளைப் பாதை

சொல் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே போட முடியாது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ஒரு பாதை போட்டு 1986-ல் மூடினார்களே, அது கடற்கரையில் முட்டி நின்ற பாதை. விழுப்புரம்–புதுச்சேரி (1879) இன்றும் அப்படித்தான். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போவதும் அதே ரகம். ஆனால் மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை வேறு சாதி. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்துத் தனி வரி வசூலித்து 1894-ல் போட்டது அது, ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. கம்பெனியும் அரசாங்கமும்தான் ரயில் விடும் என்றிருந்த காலத்தில் ஒரு ஜில்லா போர்டு விவசாயியின் காசில் பாதை போட்டதைக் கட்டுரையில் தயவுசெய்து இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். அது 1903-ல் அறந்தாங்கிக்கும், பின்னால் காரைக்குடிக்கும் நீண்டது. கிளையாகப் பிறந்து இரண்டு பெரிய பாதைகளை இணைப்பதாக முடிந்தது. கடலூர்–விருத்தாசலம் துண்டோ மூலப்பாதையையும் நாண்பாதையையும் தொடுகிறது. இவற்றை இணைப்புப்பாதை என்றும், முட்டி நிற்பவற்றை மட்டும் கிளைப்பாதை என்றும் பிரிக்கலாம் என்பது என் எண்ணம்.

*

மறு: மறு: மெயின் லைன், கார்டு லைன்

ஐயா, விளக்கம் அருமை. ஆனாலும் சில தடைகள்.

மூப்புதான் அளவு என்றால் மூலப்பாதை என்ற பெயர் நாகப்பட்டினத்துக்கல்லவா போக வேண்டும்? கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும் திருச்சிக்கு 1862-லும் ரயில் விட்டுவிட்டது. அப்போது சென்னைக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. அது கர்நாட்டிக் ரயில்வேயோடு சேர்ந்து 1874-ல் தென்னிந்திய ரயில்வே ஆன பிறகுதான் நீங்கள் சொல்லும் பாதை வருகிறது. உங்கள் மூலவர், ஏற்கெனவே இருந்த கோயிலுக்குள் பின்னால் வந்து அமர்ந்தவர். தவிர, மூலம் என்றதும் எனக்குச் சித்த வைத்தியசாலை விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும்.

இரண்டாவது, நாண் + பாதை இலக்கணப்படி நாட்பாதை ஆகும். நாள் கணக்கில் போகும் பாதை என்று எடுத்துக்கொள்வார்கள்.

நாண் என்று முடிவு செய்தால் அதன் ஜோடி வில்தானே? பள்ளிப் பாடத்திலும் வட்டவில், நாண் என்றுதான் இருக்கிறது. மெயின் லைனை விற்பாதை என்று வைத்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துமே.

*

மறு: மறு: மறு: மெயின் லைன், கார்டு லைன்

விற்பாதை என்று எழுதினால் ரயில்வேயை விற்கப் போகிறார்களா என்று கேட்டு ஊர்வலமே வந்துவிடும். வில், நாண் இரண்டையும் விளக்கும் வாக்கியத்தில் வைத்துக்கொள்ளலாம், பெயராக வேண்டாம். வடிவியல் உவமை வேறு ஊர்களில் பொருந்தாமலும் போகலாம், எல்லா மெயின் லைனும் வளைந்தா போகிறது?

புணர்ச்சி பற்றி: மண்பானையை மட்பானை என்று சந்தையில் யார் கேட்கிறார்கள்? நாண்பாதை என்றே எழுதலாம், பொருள் கெடாமல் இருந்தால் போதும்.

நாகப்பட்டினம் பற்றிச் சொன்னது நல்ல கேள்வி. ஆனால் மூலப்பாதை தனியாக நிற்கும் சொல் இல்லை, நாணோடு சேர்ந்துதான் அதற்குப் பொருள். ஒரு பாதைக்கு நேர்வழி ஒன்று பின்னால் வந்தால் முன்னது மூலம். நாகை–தஞ்சைக்கு அப்படி எதுவும் வரவில்லை. அகலப்பாதையாகப் பிறந்து, 1875-ல் மீட்டர்கேஜாகி, நம் காலத்தில் மறுபடி அகலமான பாதை அது. தென்னாட்டில் ரயில் பார்த்த முதல் ஊர்களில் ஒன்றுக்குப் போகும் அந்தப் பாதையை இன்று கிளையாகத்தான் நினைக்கிறார்கள். அதைத் தொடக்கப்பாதை என்று கட்டுரையில் தனியாகக் குறிப்பிடலாம். வைத்தியசாலைக்கு என்னிடம் மருந்து இல்லை. மூலப்பொருள், மூலப்பத்திரம் எல்லாம் சங்கடமில்லாமல் சொல்கிறோம், இதுவும் பழகிவிடும்.

*

மறு: மறு: மறு: மறு: மெயின் லைன், கார்டு லைன்

இருவருக்கும் நன்றி. ஜில்லா போர்டு பாதைக்குத் தனி அத்தியாயமே கொடுத்துவிட்டேன். தொடக்கப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"விழுப்புரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று வில்லாக வளைந்து திருச்சி சேர்வது மூலப்பாதை, மக்கள் வழக்கில் மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாக நேரே சேர்வது நாண்பாதை, மக்கள் வழக்கில் கார்டு லைன்."

முதல் முறை மட்டும் மக்கள் வழக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் எழுதுகிறேன். இணைப்புப்பாதை, கிளைப்பாதை பிரிவினையையும் ஏற்றுக்கொண்டேன். இனி லூப் லைன். சாகிப்கஞ்ச் லூப்புக்கும், நிலையத்துக்குள் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்கும் ஒரே சொல் போதுமா? எனக்குப் போதாது என்றுதான் படுகிறது. இரண்டாவதற்கு 'ஒதுங்குதடம்' என்று ஒன்றை மனதில் வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.