ஹோவர் பயிற்சியில் கவிழ்ந்த ஹெலிகாப்டர்: பார்த்தவர்கள், தப்பியவர்கள் சொல்வது

ஹெலிகாப்டர் பயிற்சியில் விபத்து என்றாலே எல்லாரும் நடுவானில் எஞ்சின் நிற்பதைத்தான் கேட்கிறார்கள். நான் பார்த்தது தரையிலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லாத உயரத்தில். இரண்டு பேர் உட்காரும் சின்னப் பயிற்சி ஹெலிகாப்டர், என் முறைக்காக ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஹோவர், அதாவது அந்தரத்தில் அப்படியே நிற்பது, அதைக் கற்கும் யாருக்கும் ஆரம்பத்தில் வண்டி ஒரே இடத்தில் நிற்காது, அப்படி அலைந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டுகூட இருந்தோம். மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது, கூடவே கொஞ்சம் இறங்கியது, வலது ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதில் அடியில் இருக்கும் சறுக்குக் கம்பி) மழையில் ஊறிய மண்ணில் ஒரு பள்ளத்தின் விளிம்பைத் தட்டியது. அவ்வளவுதான். ஸ்கிட் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் அதைச் சுற்றிச் சாய்ந்தது. மாணவர் பதறி கலெக்டிவை, அதாவது வண்டியை ஏற்றி இறக்கும் நெம்புகோலை, மேலே இழுத்தார் என்று பிறகு சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சாய ஆரம்பித்ததற்கும் மேலே சுற்றும் ரோட்டார் தரையில் அடித்ததற்கும் நடுவில் மூச்சு விட நேரமில்லை. பிளேடு துண்டு ஒன்று எங்கள் தலைக்கு மேலே விர்ரென்று போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. இருவரும் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள், மேல்பக்கமாகிவிட்ட கதவு வழியே ஏறி வந்தார்கள், பெரிய காயமில்லை. உதவ ஓடியவர்களை ஒரு மெக்கானிக் கத்தி நிறுத்தினார்: சுற்றுவது எல்லாம் நிற்கட்டும், அப்புறம் போங்கள் என்று.

*

மேலே சொன்னதற்குப் பெயர் டைனமிக் ரோல்ஓவர். நான் பயிற்றுநர், அதனால் மாணவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். தரையில் சும்மா நிற்கும் ஹெலிகாப்டரைக் கவிழ்க்க நன்றாகச் சாய்க்க வேண்டும். ஆனால் ஒரு ஸ்கிட் மாட்டிக்கொண்டு, ரோட்டார் தூக்கிக்கொண்டு, உருளும் வேகமும் சேர்ந்துவிட்டால் 15 டிகிரிக்குள்ளேயே கதை முடிந்துவிடும். அதைத் தாண்டினால் சைக்ளிக்கை (வண்டியை முன்பின், பக்கவாட்டில் சாய்க்கும் கைப்பிடி) எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினாலும் பிரயோசனமில்லை, ஏனென்றால் கவிழ்ப்பதே ரோட்டாரின் தூக்குவிசைதான். அதைக் குறைக்க ஒரே வழி கலெக்டிவை இறக்குவது, அதுவும் மென்மையாக. படக்கென்று அமுக்கினால் எதிர்ப்பக்கம் மோதித் துள்ளும். கீழே விழப் பயப்படுகிறவனிடம் இன்னும் கீழே இறங்கு என்று சொல்கிறோம் பாருங்கள், அதுதான் இதில் கொடுமை. தரையைப் பார்த்தால் கை தானாக மேலே இழுக்கும்.

மேலிருந்து பார்க்கும்போது ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும் வகைகளில் வாலில் சுற்றும் சின்ன டெயில் ரோட்டார் வண்டியை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் வலது ஸ்கிட் மாட்டுவதும் இடப்பக்கக் காற்றும் சேர்ந்தால் மோசம். முதல் தனிப்பறத்தலிலும் இதே தலைவலி: இடது இருக்கையில் நான் இல்லை, வண்டி இலேசாகிவிட்டது, எடையெல்லாம் வலப்பக்கம், பழகிய அளவு கலெக்டிவ் இழுத்தால் எதிர்பாராமல் துள்ளும், வலது ஸ்கிட் கடைசியில் எழும்பும். அதனால்தான் ஸ்கிட் இலேசாகும்போது ஒரு கணம் நிறுத்தி, எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று உணர்ந்துவிட்டுத் தூக்கச் சொல்கிறோம். ஹோவரில் மூக்குக்கு முன்னால் பார்க்காதே, தூரத்தில் ஒரு மரத்தைப் பார் என்பதும் இதற்காகத்தான், கிட்டே பார்த்தால் கை அளவுக்கு மீறித் திருத்தும், வண்டி இன்னும் அலையும்.

*

மாணவனாக எனக்கு நடந்தது கவிழ்வில் முடியவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இறங்கிவிட்டேன், இடது ஸ்கிட் புல்லில் உரசும் கரகர சத்தம் கேட்டது, அடுத்த நொடி ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’, அதாவது இனி நான் ஓட்டுகிறேன், என்றார் பயிற்றுநர். என் கை இன்னும் கலெக்டிவில் இருந்தது. அவர் அதை என் கையோடு சேர்த்தே இறக்கினார், தொப்பென்று உட்கார்ந்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, வண்டியைச் சுற்றி நடந்து ஸ்கிட், டெயில் பூம் என்ற நீண்ட வால்பகுதி எல்லாம் தொட்டுப் பார்த்தார். பறக்கவிடாமல் ஹாங்கருக்குத் தள்ளச் சொன்னார், கடினமாக இறங்கியதற்கான சோதனை முடியாமல் அதை யாரும் கிளப்பக்கூடாதாம். எனக்கு இது அதிகப்படி என்று தோன்றியது. அப்புறம் மெக்கானிக், ஸ்கிட்டைத் தாங்கும் குறுக்குக் குழாய் வளைந்திருந்ததைக் காட்டினார், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாத அளவு வளைவு.