மணலி இல்ல, மனாலி: 9 பேர், 4 நாள், எங்க என்ன சாப்பிடலாம்?

கொருக்குப்பேட்டை_கேட்

எல்லாருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் குடும்பத்தோட மனாலி போறோம். (நம்ம வட சென்னை மணலி இல்லப்பா, இமாச்சல் மனாலி. "சுத்திகரிப்பு ஆலை பக்கத்துலயா ரூம் போட்டீங்க"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க.)

மொத்தம் 9 பேர். அப்பா, அம்மா ரெண்டு பேரும் அறுபதைத் தாண்டினவங்க, சோறு இல்லன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அம்மா சுத்த சைவம். 4 வயசுப் பையன் ஒருத்தன். கூட வர்ற பக்கத்து வீட்டுக்காரங்க 3 பேர், ஹலால் மட்டும்தான். மிச்சப் பேருக்கு மீன்னா உயிர். டில்லி வரைக்கும் ரயில், அங்கேருந்து ராத்திரி வால்வோ. ரூம் மால் ரோடு கிட்ட.

எந்தப் பக்கம் எது நல்லா இருக்கும்? டிரவுட் மீன் அவ்ளோ காசுக்கு ஒர்த்தா, பழசைத் தலையில கட்டாம இருக்க என்ன பாக்கணும்? வெள்ளைச் சோறு கிடைக்குமா? ரெண்டு பேர் கொஞ்சம் குடிப்பாங்க, லுக்டின்னு ஒண்ணு இருக்காமே, அது என்னா?

பெரம்பூர்_லோகோ

சாப்பாட்டுக்கு மனாலியை மூணு துண்டா பிரிச்சுக்கோங்க தல. மால் ரோடு, பழைய மனாலி, வசிஷ்ட்.

மால் ரோட்டுல வண்டி வராது, நடைதான். பஞ்சாபி தாபா, சோலே பட்டூரா, மோமோ, சுடச்சுட குலாப் ஜாமூன் எல்லாம் அங்க. அவசரத்துக்கும் சின்னப் பையனுக்கும் இதுதான் சரி, உக்காந்த பத்து நிமிஷத்துல தட்டு வந்துடும். மெயின் ரோட்டுல "எல்லா வகையும் கிடைக்கும்"னு ஆறு பக்கம் மெனு வெச்சிருக்கிற கடையை விட, பக்கத்துச் சந்துல பத்து ஐட்டம் மட்டும் போடுற தாபா மேல்.

பழைய மனாலி மால் ரோட்டுலேருந்து 2-3 கிலோமீட்டர், மனால்சு ஓடைப் பாலத்தைத் தாண்டி மேல ஏறணும். கஃபே எல்லாம் அங்கதான். ஓடைக் கரையில கஃபே 1947, காபிக்கும் குக்கீக்கும் டிலன்ஸ். ஆனா இங்க ஆர்டர் குடுத்தா அரை மணி, முக்கால் மணி ஆகும், அடுப்புல எல்லாமே அப்பப்ப செய்வாங்க. பையன் பசில அழ ஆரம்பிச்சப்புறம் உள்ள போகாதீங்க. மதியம் 12-க்கு, ராத்திரி 7-க்கு உக்காந்துட்டா தப்பிச்சீங்க. மே கடைசி உச்ச சீசன். பாலத்துல வண்டி நெரிசல் நம்ம மூலக்கொத்தளம் மாதிரி நிக்கும், போகும்போது நடந்துடுங்க. குளிர்காலத்துல போறவங்க இதை நம்பிப் போக வேணாம், பாதிக் கஃபே பூட்டி ஆளுங்க கோவா போயிருப்பாங்க.

வசிஷ்ட் பியாஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம். வெந்நீர் ஊத்துல குளிச்சுட்டு வெளிய வந்தா கோயில் சந்துல சின்னச் சின்னக் கடைங்க. அப்பா அம்மாவுக்கு அந்த இடம் பிடிக்கும், சத்தம் கம்மி.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வால்வோ ராத்திரி சாப்பாட்டுக்கு முர்தல் பக்கம் தாபால நிறுத்தினா, வெண்ணெய் உருண்டை வெச்ச ஆலு பராத்தா கண்ணுக்கு நேரா வரும். ஒண்ணோட எழுந்துடுங்க. நடு ராத்திரிக்கு மேல மலை வளைவு ஆரம்பிக்கும், அப்ப அந்த வெண்ணெய் மொத்தமும் மேல வரும். பையனுக்கு வெறும் ரொட்டியும் கொஞ்சம் தயிரும் போதும். வாந்தி மாத்திரை குடுக்கிறதா இருந்தா டாக்டர் கிட்ட அளவு கேட்டு, வளைவு வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடணும். ஆரம்பிச்சப்புறம் குடுத்து பிரயோஜனம் இல்ல.

காசிமேடு_லாஞ்சு

மீன் கேள்விக்கு நான் வரேன்.

மொதல்ல, நீங்க போற நேரம் நம்ம கரையில தடைக்காலம், ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது. அதனால அங்க போய் மீன் திங்கறது நியாயம்தான். அங்கயும் தடை உண்டு, டிரவுட் முட்டை விடுற நவம்பர் 1-லேருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் ஆத்துல பிடிக்கக் கூடாது. ஆனா ஹோட்டல் தட்டுக்கு வர்றது ஆத்து மீன் இல்ல, பண்ணை மீன். அது வருஷம் பூரா கிடைக்கும். "ஆத்துல இப்பதான் புடிச்சது"ன்னு வெயிட்டர் சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுங்க.

டிரவுட் இந்தியாவோட மீனே இல்ல. வெள்ளைக்காரன் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டு வந்து விட்டது. ஆத்துல பழுப்பு டிரவுட், பண்ணையில வானவில் டிரவுட். தண்ணி ஜில்லுன்னு, ஓடிக்கிட்டே இருக்கணும், தேங்கின தண்ணில, சூட்டுல செத்துடும். அதனாலதான் மலைக்கு வெளிய விலை எகிறுது. குலு போற வழியில நக்கருக்கு எதிர்க்கரையில பட்லிகுஹல்னு ஒரு ஊர், அரசு டிரவுட் பண்ணை அங்க இருக்கு. நக்கர் கோட்டை பாக்கப் போனா அதையும் பாத்துட்டு வரலாம்.

பாக்க வேண்டியது நமக்குத் தெரிஞ்சதுதான், சில வித்தியாசம் மட்டும். செவுள் சிவப்பு, கண்ணு மேடு, இதெல்லாம் அதே. ஆனா உடம்பு மேல வழவழன்னு கண்ணாடி மாதிரி கோழை இருக்கணும், வஞ்சிரம் மாதிரி காஞ்சு இருந்தா அது ஐஸ்ல கிடந்த சரக்கு. செதில் ரொம்பப் பொடிசு, பல கடையில சீவவே மாட்டாங்க. முழு மீனை சமைக்கிறதுக்கு முன்னாடி காட்டச் சொல்லுங்க, நல்ல கடை மூஞ்சி சுளிக்காது. ஒரு ஆளுக்கு 250-லேருந்து 350 கிராம் மீன் சரியான சைஸ். விலை தட்டுக்கா எடைக்கான்னு முன்னாடியே கேட்டுடுங்க, பில்லுல சண்டை வர்ற இடம் அதுதான்.

சதை ரோஸா இருந்தா ஒசத்தி, வெள்ளையா இருந்தா மட்டம்னு நினைக்காதீங்க. தீனில கலக்கிற நிறச்சத்துதான் அந்த ரோஸ். ரெண்டும் ஒரே மீன்.

எப்படிச் செய்யச் சொல்றதுன்னா, முழுசா, கல்லுல, கொஞ்சம் வெண்ணெய், எலுமிச்சை. தந்தூரி வேணாம், காணாங்கெளுத்தி மாதிரி கொழுப்பு இதுல இல்ல, அடுப்புக்குள்ள ரெண்டு நிமிஷம் கூடப் போனா பஞ்சாயிடும். மசாலா கறி கேட்டா பழைய மீன் எது, புது மீன் எதுன்னே தெரியாது. ஊர்க்காரங்க ஸ்டைல்ல கடுகெண்ணெயில மஞ்சள், மிளகாய், உப்பு தடவிப் பொரிப்பாங்க, அதுவும் நல்லாதான் இருக்கும். ஆனா எண்ணெய் புகை வர்ற வரைக்கும் காயணும், காயலன்னா தொண்டையில ஏறுற பச்சை நெடி அடிக்கும். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அது ஒத்துக்காது.

திங்கிற முறை: முதுகு ஓரமா தலைலேருந்து வால் வரைக்கும் ஸ்பூன் ஓரத்தால ஒரு கோடு போடுங்க. மேல் சதையை வயித்துப் பக்கமா தள்ளினா பாளமா கழண்டு வரும். இப்ப வாலைப் புடிச்சு மெதுவா மேல தூக்கினா நடு முள் தலையோட வந்துடும், கீழ்ப் பாளம் முள் இல்லாம கிடக்கும். முள்ளுல சதை ஒட்டிக்கிட்டு வந்தா வேகல, திருப்பி அனுப்புங்க. தண்ணி விட்டுக்கிட்டு, தொட்டாலே மசிஞ்சா ஃப்ரீசர் மீன். பையனுக்குக் குடுக்கும்போது தோள்பட்டைக்குப் பின்னால வரிசையா மயிரிழை முள் இருக்கும், விரலால தடவி எடுத்துட்டுக் குடுங்க.

டிரவுட்டுக்குப் பேர் போனது ஜான்சன்ஸ். சங்கரா வறுவல் மாதிரி காரத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க, இது சாந்தமான மீன்.

வண்ணை_வடகம்

அம்மா அப்பா சோறு விஷயத்துக்கு வரேன் தம்பி.

வெள்ளைச் சோறு எந்த தாபாவுலயும் கிடைக்கும், ஆனா பாசுமதி, உதிரி உதிரியா. புழுங்கல் அரிசியை மறந்துடுங்க. அந்த உயரத்துல (2,050 மீட்டர்) தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும், அதுக்கு மேல சூடு ஏறாது. திறந்த பாத்திரத்துல பருப்பும் ராஜ்மாவும் வேக ரொம்ப நேரம் ஆகும், குக்கர் வெச்சாத்தான் சரிப்படும். அதனால காலையில பெரிய குக்கர் போட்டு ஒரே தடவையில முடிக்கிற தாபாவுல மதியம் 1 மணிக்குள்ள சாப்பிட்டா நல்லா வெந்த ராஜ்மா சாவல் கிடைக்கும். அம்மாவுக்கு கடி சாவல் வாங்கிக் குடுங்க, நம்ம மோர்க்குழம்புக்குச் சொந்தக்காரன். உள்ள பக்கோடா போடுவாங்க, அதுல வெங்காயம் இருக்கும், வேணாம்னா முன்னாடியே சொல்லணும்.

தோசைன்னு போர்டு பாத்து ஓடாதீங்க. குளிருல மாவு பொங்காது, சாம்பார் இனிக்கும். ஒரு டப்பா பருப்புப் பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துட்டுப் போனா நாலு நாளும் சண்டை இல்லாம ஓடும்.

அம்மாவுக்குக் கட்டாயம் வாங்கித் தர வேண்டியது சித்து. கொழுக்கட்டையோட மலை ஊர்த் தம்பின்னு வெச்சுக்கோங்க. கோதுமை மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வெச்சு, உள்ள பூரணம் வெச்சு ஆவியில வேக வைப்பாங்க. ஒரு வகையில அக்ரூட், கசகசா. இன்னொண்ணுல ஊற வெச்ச உளுந்தைக் கொரகொரன்னு அரைச்சு இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி. ரெண்டா வெட்டி, வெட்டின இடத்துல நெய்யை ஊத்தி, பச்சைச் சட்னியோட தருவாங்க. ஒண்ணு சாப்பிட்டா ஒரு வேளை ஆச்சு.

தப்பாப் போறது எங்கன்னா, காலையில வேக வெச்சதை மைக்ரோவேவ்ல சூடு பண்ணித் தர்ற கடை. ஆறினா மேல் தோல் ரப்பராயிடும். ஆவி பறக்கிற பாத்திரம் கண்ணுக்குத் தெரியற கடையா பாருங்க, 20 நிமிஷம் காத்திருக்கச் சொன்னா சந்தோஷமா காத்திருங்க.

ஊருக்கு வந்து செய்யணும்னா: 2 கப் கோதுமை மாவு, 1 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அரை டீஸ்பூன் சர்க்கரை, உப்பு, வெதுவெதுப்பான தண்ணி. சப்பாத்தி மாவை விட தளர்வா பிசையணும். அங்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், நம்ம வெயில்ல 45 நிமிஷத்துல ரெட்டிப்பாயிடும், மறந்துட்டா புளிச்சு நாறும். ஓரத்தை நல்லா ஒட்டணும். இட்லித் துணி மேல வெச்சு 20 நிமிஷம். இட்லிக் குழியில வைக்காதீங்க, உப்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

மிண்ட்_சாலை

ஹலால்: இமாச்சல்ல ஜட்கா (ஒரே வெட்டுல வெட்டுறது, ஹலால் இல்ல) கறி விக்கிற கடைகளும் உண்டு, அதனால சொல்லாம நம்பக் கூடாது. ஹலால் போர்டு போட்ட கடை சிலது இருக்கு, போர்டு இருந்தாலும் உள்ள போய் கேட்டுக்கோங்க. மாட்டுக்கறி எங்கயும் கிடையாது, சட்டப்படி தடை. மோமோ கடையில ஒரு விஷயம் கவனம்: பன்றிக்கறி மோமோவும் காய்கறி மோமோவும் ஒரே அடுக்குல வேகலாம், மேல் தட்டுலேருந்து கீழ் தட்டுக்குச் சொட்டும். பன்றி போடாத கடையா பாருங்க. துக்பாவும் (திபெத் நூடுல்ஸ் சூப்) அப்படித்தான். நம்ம பீச் லைன் அத்தோ கடையில வாழைத்தண்டு சூப் மாதிரி இருக்கும்னு நினைச்சு வெஜ் துக்பா சொல்வீங்க, சாறு எலும்பு வேக வெச்சதா இருக்கலாம். கேட்டே ஆகணும், அம்மாவுக்கும் சேர்த்து. இதெல்லாம் தலைவலின்னா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு டிரவுட்டும் சைவமும் போதும்.

குடிக்கிறவங்களுக்கு: கடைக்கு அங்க தேக்கான்னு பேரு. அச்சிட்ட விலையைப் பாத்து பில் வாங்குங்க. ஊர் ஆப்பிள் சைடரும் பழ ஒயினும் ட்ரை பண்ணலாம், ஒயின் இனிப்பாத்தான் இருக்கும். லுக்டி அரிசியைப் புளிக்க வெச்சு வீட்டுல செய்யறது, பால் வெள்ளையா, புளிப்பா. நம்ம ஏரியா ஆளுக்கு ஒரே வார்த்தையில சொன்னா சுண்டக்கஞ்சி. கடையில விக்காது. தெரிஞ்ச வீட்டுல குடுத்தா ஒரு டம்ளர், ரோட்டுல பாட்டில்ல விக்கிறவன் கிட்ட வேணாம், எந்தத் தண்ணி, என்ன கலப்புன்னு தெரியாது. குளிருக்கு இதமா இருக்கும்னு பனி மேல நின்னுக்கிட்டு ரம் அடிக்காதீங்க. தோல்ல ரத்தம் ஏறி சூடா தெரியும், உள் சூடு வெளிய போயிடும், நடுக்கம் அப்புறமா வரும்.

குடிக்காதவங்களுக்கு புராஞ்ச் சர்பத், மலைப் பூவுலேருந்து எடுக்கிற சிவப்புச் சாறு. எச்பிஎம்சி (இமாச்சல் அரசு நிறுவனம்) ஆப்பிள் ஜூஸ் நல்லது. வெண்ணெய் டீ உப்பா இருக்கும், சூப்புன்னு நினைச்சுக் குடிச்சா பிடிக்கலாம்.

கொருக்குப்பேட்டை_கேட்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வடகம் அக்கா, சித்துல பூண்டு போடுவாங்களா? அடல் டனல் தாண்டி சிஸ்ஸு போற அன்னிக்கு சாப்பாடு கட்டிட்டுப் போகணுமா? தோட்டத்து ஆப்பிள் வாங்கலாமா?

வண்ணை_வடகம்

அக்ரூட் சித்துல பொதுவா போட மாட்டாங்க, உளுந்து சித்துல போடலாம், "பினா லஹ்சுன்"னு கேளுங்க. பச்சைச் சட்னியிலயும் கேக்கணும், அதுலதான் ஒளிஞ்சிருக்கும்.

பெரம்பூர்_லோகோ

டனல் 9 கிலோமீட்டர், தாண்டினா சிஸ்ஸு 3,000 மீட்டருக்கு மேல. கடைங்க உண்டு, ஆனா மேகி, ஆம்லெட், டீ, ராஜ்மா அவ்வளவுதான். திரும்புறப்ப டனல் வாசல்ல வண்டி நின்னா மூணு மணி நேரம் கூட ஆகும், அதனால பையனுக்கு ரொட்டி, வாழைப்பழம், ஃபிளாஸ்க்ல வெந்நீர் கண்டிப்பா. ஆப்பிள் மே மாசம் மரத்துல பிஞ்சுதான், ஜூலை கடைசிக்கு மேலதான் சீசன். ரோட்டோரம் இப்ப விக்கிறது குளிர் கிடங்கு சரக்கு. அதுக்குப் பதிலா செர்ரி வாங்குங்க, காம்பு பச்சையா இருக்கிற பெட்டியா பாத்து. அடியில நசுங்கினதை வெச்சு மேல நல்லதை அடுக்குவாங்க, கவுத்துப் பாத்துட்டுக் காசு குடுங்க.