ஸ்டோலுக்கு ‘பிடிவிடல்’: சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விமானக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடும் இந்தக் குழுவில், பறக்கும்போது இறகின் தூக்கல் சட்டென்று குறைவதைக் குறிக்கும் ஸ்டோல் (stall) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று பரிந்துரைகள் வந்து கிடக்கின்றன: நின்றுபோதல், வேகத்தளர்வு, தூக்கிழப்பு. அந்த விவாதம் நடந்தபோது நான் வாய் திறக்கவில்லை. ‘நின்றுபோதல்’ போதும், எதற்கு இவ்வளவு இழுபறி என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இடையில் ஓர் இறகு முறிந்துவிட்டது.

நான் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பவன். பத்தாம் தரம் படிக்கும் மருமகனும் நானும் சேர்ந்து ஒரு பயிற்சி விமானம் செய்தோம். ரேடியோக் கட்டுப்பாட்டில் பறப்பது. உடல் போம் போட், இறகு ரிஜிபோம், உள்ளே மூங்கில் சட்டம், ஒட்டியது சூட்டுப் பசை. இறகின் நீளம் 120 சென்றிமீற்றர், அகலம் 20. பற்றரியோடு நிறுத்தால் 650 கிராம். உடலுக்கு மேலே இறகு, அதன் இரு பக்கமும் நுனியை நோக்கிச் சற்று உயர்ந்திருக்கும். பழகுகிறவன் கையை விட்டாலும் தானாக நேராகிக்கொள்வதற்காக இந்த அமைப்பு. அனுமதி எடுத்து, கிராம சேவகருக்கும் சொல்லி, காலபோக அறுவடை முடிந்த வயலில் ஒரு காலை வேளை ஏற்றினோம்.

(இடையில் ஒன்று. இந்த விளையாட்டு விமானத்துக்கே பொதுப்பெயர் தேடும் இன்னோர் இழையும் ஓடுகிறது. வன்னியில் ஆளில்லாமல் இரைந்துகொண்டு வருவதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: வண்டு. போர்க்காலத்தில் வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர். எங்கள் மோட்டர் இரைந்ததும் பக்கத்து வளவு அம்மா வெளியே வந்து முதலில் வானத்தைத்தான் பார்த்தார், பிறகுதான் எங்களை. சின்னச் சொல், ஓசையும் பொருத்தம்தான். என்றாலும் அதைப் பட்டியலில் சேர்க்க நான் கை தூக்கமாட்டேன். இப்போதெல்லாம் ஏற்றுவதற்கு முன் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருகிறோம்.)

சரி, இறகு முறிந்த கதைக்கு வருகிறேன். கையால் எறிந்தோம். நன்றாகவே ஏறியது. பற்றரியைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்துவிட்டது என் பிழை, அதனால் வால் பாரம். மூக்கு மேலே, இன்னும் மேலே என்று போனது. பனை உயரத்தில் ஒரு கணம் தயங்கி, இடப்பக்க இறகைச் சரித்துக்கொண்டு வரப்பில் வந்து குத்தியது. விழும்வரை மருமகன் விசையைக் கூட்டிக்கொண்டும், மூக்கைத் தூக்கும் குச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டும் இருந்தான். ஓடிப்போய் அவன் முதலில் பார்த்தது பற்றரி வயரை. அடுத்தது மோட்டரை.

“மோட்டர் நிக்கேல்லை மாமா. பிறகேன் விழுந்தது?”

பிழை அவனுடையதல்ல. நான் எழுதிக்கொடுத்த குறிப்பில் ‘விமானம் நின்றுபோனால்’ என்றிருந்தது. எங்களூரில் நின்றுபோவது மோட்டார் சைக்கிள், நீரிறைக்கும் மெசின். நின்றுபோனால் என்ஜினைத்தானே பார்ப்பான்? ஆங்கிலத்திலும் இதே கோளாறு உண்டு. என்ஜின் அணைவதற்கும் இறகு தூக்காமல் விடுவதற்கும் அவர்களிடம் இருப்பது ஒரே சொல். அந்தச் சொல்லைப் பெயர்த்தால் அவர்களுடைய குழப்பத்தையும் சேர்த்துத்தான் இறக்குமதி செய்கிறோம். பெயர்க்காமல் ஸ்டால் என்றே எழுதினால் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது தேநீர்க் கடை.

நடப்பது என்ன? இறகின் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு காற்று ஓடுகிறது. எதிர்வரும் காற்றுக்கும் இறகுக்கும் இடையிலான கோணம் கூடக் கூடத் தூக்கும் விசையும் கூடும். ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டியதும் காற்றால் அந்த வளைவைத் தொடர முடியாமல் போகிறது. மேற்பரப்பை விட்டுப் பிரிந்து சுழிக்கிறது. தூக்கல் சட்டென்று குறைகிறது. மோட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

‘வேகத்தளர்வு’ இங்கேதான் இடறுகிறது. எங்கள் விமானம் மட்டமாகப் பறக்கும்போது, கணக்குப்படி மணிக்கு 23 கிலோமீற்றருக்குக் கீழே போனால் இது நடக்கும். அதையே 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் வளைத்தால் இறகு இரு மடங்கு பாரம் சுமக்க வேண்டும். அப்போது 32 இலேயே நடந்துவிடும். வேகமாக இறங்கி வரும்போது மூக்கை வெடுக்கென்று இழுத்தாலும் நடக்கும். அடிக்காரணம் கோணம், வேகமல்ல. ‘தூக்கிழப்பு’ இதைவிட மேல். ஆனால் தூக்கல் முழுதாகப் போய்விடுவதில்லை, குறைகிறது. அத்தோடு, காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் சொல்லும் சொல் அது.

முறிந்த இறகைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வேலியடியில் நின்ற ஓர் அப்பு கேட்டார். அந்தக் காலத்தில் எட்டுமூலைப் பட்டமும் கொக்குப் பட்டமும் கட்டி, விண் (காற்றில் ஒலிக்கும் நார்) பூட்டி இராமுழுக்கக் கூவவிட்டவர். மருமகன் நடந்ததைச் சொன்னான். அவர் இறகைக் கையில் வாங்கி, முன்விளிம்பை மெல்ல மெல்ல நிமிர்த்திக் காட்டினார்.

“இவ்வளவுக்கு நிமித்தினா காத்து பிடியை விட்டிடும், தம்பி. முச்சை பிழைச்ச பட்டம் மாதிரி.”

(முச்சை என்பது பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு.) பட்டம் ஏற்றுகிறவர்கள் ‘காத்துப் பிடிக்குது’, ‘காத்துப் பிடிக்கேல்லை’ என்றுதானே காலங்காலமாகச் சொல்கிறார்கள்! அன்றிரவு குறிப்பேட்டில் ‘நின்றுபோதல்’ என்பதை வெட்டிவிட்டுப் பிடிவிடல் என்று எழுதினேன்.

சொல் வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். வினையாகிறது: விமானம் பிடிவிட்டது, பிடிவிடப் பார்க்கிறது. கூட்டுச்சொல்லாகிறது: பிடிவிடு கோணம், பிடிவிடு வேகம். ஓர் இறகின் நுனி மட்டும் முந்திக்கொண்டால் நுனிப் பிடிவிடல். எங்களுக்கு நடந்தது அதுதான். எனக்கு மிகவும் பிடித்தது இதன் மறுபாதி. பிடிவிட்டால் என்ன செய்வது? திரும்பப் பிடிக்க வைப்பது. மூக்கைத் தாழ்த்து, கோணம் குறையும், காற்று மறுபடி ஒட்டும். மீள்பிடிப்பு. விழுகிற விமானத்தை இன்னும் கீழே தள்ளு என்றால் எந்தப் பிள்ளைக்கும் கை வராது. ‘நின்றுபோனது’ என்று கேட்டவன் விசையைக் கூட்டுவான், ‘பிடிவிட்டது’ என்று கேட்டவன் குச்சியைத் தளர்த்துவான்.

சென்னை நண்பர் தனிமடலில் இரண்டு மறுப்புகள் எழுதியிருந்தார். சக்கரம் தரையில் பிடி விடுவதோடு இது குழம்பாதா? குழம்பாது என்றே நினைக்கிறேன். அதற்கு ‘வழுக்கல்’ இருக்கிறது, விமானமும் ரயரும் ஒரே வாக்கியத்தில் வருவதும் அரிது. இரண்டாவது, பேச்சுவழக்குச் சொல் பாடநூலுக்குப் பொருந்துமா என்பது. இதை நான் ஏற்கவில்லை. எங்கள் பாடநூலில் வேகம் கூடுவதை ஆர்முடுகல், குறைவதை அமர்முடுகல் என்று படிக்கிறோம். முடுகு என்பதும் வெறும் வினைதான். தமிழ்நாட்டில் நீங்கள் அதிலிருந்தே முடுக்கம் என்றீர்கள். பழகியபின் எதுவும் பாடநூல் மொழிதான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. எதிர்வரும் காற்றுக்கும் இறகுக்கும் இடையிலான கோணம் என்று மேலே சொன்னேனே, அதற்குப் பட்டியலில் இருக்கும் ‘தாக்குகோணம்’ என்பதை மாற்ற வேண்டும். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. விமானம், தாக்கு இரண்டையும் ஒரே வரியில் வைத்து வன்னியில் ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள், தெரியும். அதைவிடப் பெரிய குறை, எதற்கும் எதற்கும் இடைப்பட்ட கோணம் என்பதை அது சொல்வதில்லை. பிள்ளைகள் தரைக்கும் மூக்கிற்கும் இடையில் அளக்கிறார்கள். ‘காற்றுக்கோணம்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. சுக்கானை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்துக்குப் பின்னால் இருப்பது விமானத்துக்குப் பின்னாலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பற்றரியை முன்னுக்குத் தள்ளிவிட்டோம். இப்போது முன்விளிம்பிலிருந்து 5 சென்றிமீற்றரில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினால் மட்டமாக நிற்கிறது. மருமகன் புது இறகு வெட்டுகிறான். இந்த முறை நுனியை இரண்டு பாகை கீழ்நோக்கி முறுக்கப் போகிறோம், இறகின் அடிப்பகுதி முதலில் பிடிவிட்டு, நுனி கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும்படி. அந்த முறுக்கை ஆங்கிலத்தில் வாஷ்அவுட் என்கிறார்கள். சலவைக்கும் அதற்கும் என்ன உறவோ! அப்புவிடம் கேட்டேன், பட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையாம். ‘நுனிமுறுக்கு’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் மேல்நோக்கி முறுக்கினாலும் அது நுனிமுறுக்குத்தானே. ‘நுனித்தாழ்வு’ என்றால் இறகே தொங்குவதுபோல் படுகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்றுதான் பசை வைக்கிறோம்.